ஒலிபரப்பு நேரமும் உரிமைத்தொகையும்: மலேசியத் தமிழ் இசைத்துறைக்கு அரசின் ஆதரவு

மலேசியாவில் ஒரு தமிழ்ப் பாடல் பிறந்து, கேட்பவர் காதுக்குப் போய்ச் சேரும் வழி நெடுகிலும் அரசாங்கம் நிற்கிறது. அதை ஒலிபரப்பும் வானொலிகளுள் ஒன்று அரசாங்கத்தினுடையது. பாடலை இயற்றியவருக்கு உரிமை தருவது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். மேடை நிகழ்ச்சிக்கு உரிமம் கொடுப்பது ஊராட்சி மன்றம். நுழைவுச்சீட்டின் மீதான கேளிக்கைத் தீர்வை மாநிலத்தின் வருமானம். மானியமும் கடனும் வருவது கூட்டரசின் முகமைகளிடமிருந்து. அரசாங்க ஆதரவு என்றதும் மானியம்தான் முதலில் பேசப்படுகிறது. ஆனால் மலேசியத் தமிழ் இசை ஒரு தொழிலாக வேர்பிடிக்க உதவியவை ஒலிபரப்பு நேரமும் உரிமைத்தொகையும்தான். மானியம் பிற்காலத்தில் வந்தது. வந்ததிலும் பெரும்பங்கு ஒரு நாள் மேடையோடு செலவழிந்து போகும் இயல்புடையது.

ஈப்போவுக்குத் தென்மேற்கே, மெங்லெம்புவுக்கும் பாப்பானுக்கும் இடையில் உள்ள லகாட், கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கக் காலத்துச் சிறுபட்டணம். பத்து காஜா வரை சுற்றிலும் பரந்திருந்த கித்தாத் தோட்டங்களில் தமிழர்கள் பால் மரம் வெட்டினார்கள். தோட்டத்துக்கு ஒரு கோயில், கோயிலுக்கு ஒரு திருவிழா, திருவிழாவுக்கு ஓர் இசைக்குழு என்பது அன்றைய ஒழுங்கு. பக்கத்துத் தோட்டத்து இளைஞர்கள் ஆர்மோனியத்தோடும் தபலாவோடும், பின்னாளில் கித்தாரோடும் கீபோர்டோடும் வந்து திரைப்பாடல் பாடினார்கள். செலவு கோயில் வசூலிலிருந்து போயிற்று. 1950களிலும் 60களிலும் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்ற துண்டாடலாலும், பிறகு கித்தா போய்ச் செம்பனையும் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளும் வந்ததாலும் அந்தக் குடியிருப்புகள் கலைந்தன. இசைக்குழுவைத் தாங்கிய கோயில் வசூலும் சிதறிப் போயிற்று. தோட்டம் கலைந்தபின் வளர்ந்த தலைமுறைக்கு அந்த இடத்தை வேறு யார் நிரப்புவது என்ற கேள்வியில்தான் அரசாங்கம் உள்ளே வருகிறது.

தோட்டத்திலிருந்து தாமான் வீடுகளுக்குக் கூடவே வந்த ஒரு கருவி உறுமி. ஒரு பக்கத் தோலைக் குச்சியால் அடித்தும், மறுபக்கத் தோலை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்த்தும் எழுப்பும் உறுமல் ஒலியே அதன் பெயருக்குக் காரணம். மலேசியாவில் உறுமி மேளக் குழுக்கள் சீருடையோடும் குழுப் பெயரோடும் தனி இசை மரபாகவே வளர்ந்துவிட்டன. ஈப்போ கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத் தைப்பூசத்துக்குக் காவடியோடு வரும் குழுக்களே இதற்குச் சான்று. இங்குள்ள தமிழ் ராப் பாடல்களிலும் திருமண மேடைகளிலும் உறுமியின் தாளம் கலந்திருக்கிறது. ஆயினும் அரசாங்கத்துக்கு உறுமிக் குழுவோடு உள்ள தொடர்பு பெரும்பாலும் ஊர்வல அனுமதி, ஒலி அளவு, நேரக் கட்டுப்பாடு ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. இசைத்துறைக் கொள்கை பேசும் இடத்தில் அந்தக் குழுக்களுக்கு இடம் இல்லாதது பெரிய குறை. இளைஞர்கள் பத்து, பதினைந்து பேராகச் சேர்ந்து, சொந்தப் பணத்தில் கருவி வாங்கி, கூலிக்கு வாசிக்கும் ஓர் அமைப்பு எந்த அளவுகோலின்படியும் சிறுதொழில்தான்.

அரசாங்கம் தமிழ் இசைக்குத் தந்த முதல் பெரிய ஆதரவு வானொலி. 1946 ஏப்ரலில் தொடங்கிய ரேடியோ மலாயா, மலாய், ஆங்கிலம், சீனத்தோடு தமிழிலும் ஒலிபரப்பியது. அந்தத் தமிழ்ப் பிரிவே பின்னாளில் மலேசிய வானொலியின் ஆறாம் அலைவரிசையாகவும் இன்றைய மின்னல் எஃப்எம்மாகவும் தொடர்கிறது. 1961-இல் அல்போன்சோ சொலியானோவை முதல் நடத்துநராகக் கொண்டு வானொலி இசைக்குழு அமைந்தது. ஒலிப்பதிவுக் கூடம், சம்பளம் பெறும் வாத்தியக்காரர்கள், பாட்டுக்கு இவ்வளவு என்று சன்மானம் ஆகிய மூன்றும் ஓர் அரசு நிலையத்துக்குள் இருந்தன. அந்தக் காலத்தில், உள்ளூர்க் கவிஞர் எழுதி உள்ளூர் இசையமைப்பாளர் மெட்டமைத்த பாடல் பதிவாவதற்கு இருந்த முதன்மையான இடம் வானொலி நிலையமே. தோட்டத்து மேடையில் பாடியவருக்கும் தேர்வுக்கு வரும் வழி இருந்தது.

அதே காலத்தில் கொள்கை வேறு திசையில் போயிற்று. 1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கூடிய தேசியப் பண்பாட்டு மாநாடு, இவ்வட்டாரப் பூர்வீக மக்களின் பண்பாடே தேசியப் பண்பாட்டின் அடித்தளம் என்றும், பிற பண்பாடுகளின் பொருத்தமான கூறுகளை ஏற்கலாம் என்றும், இஸ்லாம் முக்கியக் கூறு என்றும் வகுத்தது. இதன்படி தமிழ் இசை தடை செய்யப்படவில்லை. ஆனால் திட்டமிட்டு வளர்க்க வேண்டிய ஒன்றாகவும் எண்ணப்படவில்லை. பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் அல்லிகேட்ஸ் குழுவில் மலாய்ப் பாடல்களால் நாடறிந்த பாடகர்கள் ஆனார்கள். திறமை இருந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இசை பிழைப்பாக அமைய வேண்டுமென்றால் பெரிய சந்தையின் மொழியில் பாடுவதே வழி என்பதை அவர்களின் வெற்றி காட்டியது.

தமிழ் இசைத்துறையின் நெருக்கடி மலாய் இசையால் வந்ததும் அன்று. அதன் ஓயாத போட்டி சென்னைத் திரைப்பாடலோடுதான். மலேசியாவில் சுமார் இருபது இலட்சம் இந்தியர்கள். அவர்களுக்காகப் பதிவாகும் ஒரு பாடலின் செலவை அந்தச் சந்தையிலேயே மீட்க வேண்டும். திரைப்பாடலின் செலவோ படத்தின் கணக்கில் எழுதப்பட்டு, கோடிக்கணக்கான கேட்பவர்களிடையே பகிரப்படுகிறது. இரண்டும் ஒரே அலைவரிசையில் அடுத்தடுத்து ஒலிக்கும்போது போட்டி சமமாக இருப்பதில்லை.

இதே நிலையை இலங்கைத் தமிழர் 1970களில் வேறு விதமாகச் சந்தித்தனர். அன்றைய அரசாங்கம் அந்நியச் செலாவணியைக் காக்க இறக்குமதியை இறுக்கியது. அது இசைக்கான திட்டமே அன்று. ஆனாலும் தென்னிந்தியச் சரக்கின் வரத்து குறைந்த அந்த ஆண்டுகளில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவை ஈழத்து மெல்லிசைப் பாடல்களுக்கு நேரம் ஒதுக்கியது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோரின் பொப் பாடல்களும் மேடைகளில் பரவின. மண்ணின் பேச்சுமொழியில் எழுந்த அந்தப் பாடல்கள் இன்றும் நினைவில் இருக்கின்றன. இறக்குமதித் தடை நல்ல கொள்கை என்று இதைக் கொண்டு வாதிட முடியாது. அதன் துன்பத்தைச் சுமந்தவர்கள் சாதாரணக் குடும்பங்கள். ஆனால் ஒலிபரப்பு நேரம் கிடைத்தால் சிறிய சமூகத்திலும் பாடல்கள் பிறக்கும் என்பதற்கு அது தெளிவான சான்று.

தடையின்றி அதே பயனைப் பெற உலக நாடுகள் கண்ட வழி ஒதுக்கீடு. கனடா 1971-இல் ஏஎம் வானொலிகள் ஒலிபரப்பும் இசையில் 30 விழுக்காடு கனடியப் பாடல்களாக இருக்க வேண்டும் என்று விதித்தது. பிற்பாடு அது 35 விழுக்காடாக உயர்ந்தது. பிரெஞ்சு மொழி நிலையங்களுக்கோ கூடுதலாக, குரலிசைப் பாடல்களில் 65 விழுக்காடு பிரெஞ்சில் இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. கியூபெக் மாநிலத்தின் இசைத்துறை அமெரிக்காவின் பக்கத்திலேயே இருந்தும் கரையாமல் நின்றதற்கு இந்த இரண்டாம் விதி ஒரு காரணம். பிரான்ஸ் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தால் 40 விழுக்காட்டை நிர்ணயித்தது. நியூசிலாந்தில் மாவோரி மொழி ஒலிபரப்புக்கென்றே 1993-இல் தனி நிதி முகமை அமைந்தது. மாவோரிப் பாடல்களுக்கும் அதிலிருந்து பணம் போகிறது.

மலேசியாவில் ஒதுக்கீட்டுப் பேச்சு சூடு பிடித்தது 2008-இல். இந்தோனேசியப் பாடல்கள் வானொலிகளை நிறைத்தபோது, கலைஞர் சங்கமான கார்யாவான் 90 பங்கு உள்ளூர்ப் பாடல், 10 பங்கு இந்தோனேசியப் பாடல் என்ற விகிதத்தைக் கோரியது. மலாய்க் கலைஞர்களுக்கு ஜகார்த்தா எப்படியோ, தமிழ்க் கலைஞர்களுக்குச் சென்னை அப்படி. ஆனால் அந்த விவாதம் மலாய் அலைவரிசைகளைச் சுற்றியே நடந்தது. தனியார் வானொலிகள் 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ் உரிமம் பெறுபவை என்பதால், தமிழ் நிலையங்களுக்கும் உள்ளூர்ப் பாடல் விகிதத்தை உரிம நிபந்தனையாக வைக்கச் சட்டத்தில் வழி உண்டு. விகிதத்தோடு நேரத்தையும் குறிப்பிட வேண்டும். நள்ளிரவுக்குப் பிறகு உள்ளூர்ப் பாடல்களைக் கொட்டி விகிதத்தை நிரப்புவது எந்த நாட்டிலும் நடக்கக்கூடியது. காலையில் வேலைக்குப் போகும் நேரத்தில் ஒலிக்கும் பாடல்தான் திருமண வீட்டுக்கும் விருந்து மேடைக்கும் பாடகரை அழைத்துப் போகும்.

ஒலிபரப்பு நேரம் பணமாக மாறும் இடம் உரிமைத்தொகை. 1987-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் அவ்வாண்டு டிசம்பரில் நடப்புக்கு வந்தது; 1990-இல் மலேசியா பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்தது. சட்டப்படி ஒரு பாடலுக்குள் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. வரியும் மெட்டும் ஒன்று. அதைப் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு மற்றொன்று. முதலாவதற்கு இயற்றியவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 50 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. கவிஞர், இசையமைப்பாளர்களின் சார்பில் வானொலியிடமும் ஹோட்டலிடமும் உணவகத்திடமும் கட்டணம் வசூலித்துப் பகிர்வது எம்ஏசிபி என்ற அமைப்பு. ஒலிப்பதிவுக்குப் பிபிஎம்; பாடகர், வாத்தியக்காரருக்கு வேறு அமைப்பு. கடைக்காரர் பல கைகளுக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது என்ற புகாரைத் தீர்க்க 2017-இல் எல்லாவற்றையும் ஒரே அலுவலகத்துக்குள் கொண்டுவர முயன்றார்கள். அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. 2022 மார்ச்சில் நடப்புக்கு வந்த சட்டத்திருத்தம், வசூல் அமைப்புகளை அறிவுசார் சொத்துக் கழகத்தின் கண்காணிப்புக்குள் மேலும் இறுக்கமாகக் கொண்டுவந்தது.

இந்தக் கணக்கு எங்கே ஒழுகுகிறது என்பதை ஒரு பாடலைப் பின்தொடர்ந்தால் காணலாம். லகாட்டின் தாமான் வீடொன்றின் பின்னறையில், சுவரில் நுரைப்பஞ்சு ஒட்டி, ஒரு மைக், ஒரு கணினியோடு ஒரு பாடல் பதிவாகிறது என்று கொள்வோம். வரி ஒருவருடையது, மெட்டு இன்னொருவருடையது, இடையில் வரும் ராப் மூன்றாமவருடையது. யாருக்கு எத்தனை விழுக்காடு என்று அன்றே தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பழக்கத்தின் காரணமாகவோ கூச்சத்தாலோ அது நடப்பதில்லை. பாடல் இணையத்தில் ஏறுகிறது, வானொலிக்கும் போகிறது. பதிவேற்றும்போது ஆங்கில எழுத்தில் ஒரு பெயர், வானொலிக்கு அனுப்பிய தாளில் வேறு எழுத்துக்கூட்டல், உரிமை அமைப்பில் அடையாள அட்டைப்படி தகப்பனார் பெயரோடு மூன்றாவது வடிவம். நிலையம் அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியலில் உள்ள பெயர் உறுப்பினர் பட்டியலோடு பொருந்தாவிட்டால், அந்தப் பணம் உரியவரைத் தேடிக் காத்துக் கிடக்கும். வரியாளர் அமைப்பில் உறுப்பினராகவே சேராவிட்டால் கேட்கவே வழியில்லை. பாடல் ஒலித்தது உண்மை, கட்டணம் கட்டப்பட்டதும் உண்மை. ஆனாலும் பின்னறைக்குப் பணம் வந்து சேராது. இதே நேரத்தில் அடுத்து ஒலித்த திரைப்பாடலின் விவரங்கள் சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் நிறுவனத்தால் ஒழுங்காகப் பதியப்பட்டிருக்கும்.

ஆகவே இந்த ஒழுகலை அடைக்க ஊருக்கு ஊர் பயிற்சி நடத்தப்பட வேண்டும். உறுப்பினராவது, பங்கீட்டுத் தாள் எழுதுவது, பன்னாட்டு அடையாள எண் பெறுவது, 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த தன்விருப்பக் காப்புரிமை அறிவிப்பை அறிவுசார் சொத்துக் கழகத்தில் தாக்கல் செய்வது ஆகியவற்றைத் தமிழில் ஒரு நாளில் கற்பித்துவிடலாம். அரசாங்கம் இதற்குச் செலவிடும் பணம், ஒரு கலை இரவுக்கு ஆகும் செலவில் சிறு பகுதிதான்.

சிறு மொழியின் பாடலுக்கு விலை என்ன என்ற கேள்வி வேல்சில் வழக்காகவே நடந்தது. 2011 கணக்கெடுப்பின்படி அங்கே வெல்ஷ் பேசுவோர் சுமார் 5,62,000 பேர். 2007-இல் பிரித்தானிய வசூல் அமைப்பு கணக்கிடும் முறையை மாற்றியதும் வெல்ஷ் பாடல்களுக்கான தொகை வீழ்ந்தது. கலைஞர்கள் விலகி இயோஸ் என்ற தனி அமைப்பை உருவாக்கினார்கள். 2013 தொடக்கத்தில் பிபிசியின் வெல்ஷ் வானொலி அவர்களின் பாடல்களை ஒலிபரப்ப முடியாமல் நேரத்தையே குறைக்க நேர்ந்தது. அவ்வாண்டு இறுதியில் காப்புரிமைத் தீர்ப்பாயம் ஆண்டுக்கு ஒரு இலட்சம் பவுன் என்று முடிவு செய்தது. இயோஸ் கேட்டதைவிட அது மிகக் குறைவு. கேட்பவர் எண்ணிக்கையை மட்டும் அளவாகக் கொண்டால் சிறு மொழிப் பாடல் என்றுமே தாழ்ந்த விலைக்குத்தான் போகும் என்பதை அந்த வழக்கு காட்டியது. ஒரு மொழி அலைவரிசை தன் மொழிப் பாடல் இல்லாமல் இயங்க முடியாது என்பதையும் அதே வழக்கு காட்டியது. இத்தகைய கட்டண வழக்குகளுக்கு மலேசியாவிலும் காப்புரிமைத் தீர்ப்பாயம் உண்டு.

இந்தியாவின் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இன்னொரு வகை ஆதரவு. திரைப்பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தயாரிப்பாளருக்கு உரிமையை எழுதிக் கொடுத்த பின்னும் உரிமைத்தொகையில் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்க முடியாது என்று அது விதித்தது. ஒரே தடவைச் சம்பளத்துக்கு உரிமை முழுவதையும் எழுதி வாங்கும் பழக்கத்துக்கு அச்சட்டம் அணை போட்டது. அரசாங்கத்தின் கருவூலத்திலிருந்து அதற்காகக் காசு போகவில்லை.

நேரடிப் பண ஆதரவின் கதை மலேசியாவில் 2012-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தீவிரமாகிறது. படைப்புத் தொழில்களுக்கு முதலீடும் கடனும் தர 20 கோடி வெள்ளியோடு மைகிரியேட்டிவ் வெஞ்சர்ஸ் உருவானது. 2017-இல் செண்டானா என்ற கலைப் பொருளாதார முகமை வந்து, சிறு மானியங்களையும் பயிற்சிகளையும் சுயாதீனக் கலைஞர்களுக்கு நீட்டியது. பெருந்தொற்றின்போது 2020-இல் பென்ஜானா மீட்புத் திட்டம் கலை, கேளிக்கை, நிகழ்ச்சித் துறைகளுக்கு 22 கோடியே 50 இலட்சம் வெள்ளியை அறிவித்தது. திரைப்படத்துக்கு 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஃபினாஸ் என்ற சட்டவாரியம் இருக்கிறது. மலேசியாவில் செலவிடும் வெளிநாட்டுப் படங்களுக்கும் 30 விழுக்காடு பணத்தைத் திருப்பித் தரும் ஊக்கத்திட்டம் 2013 முதல் உண்டு. இசைக்கு அப்படித் தனிச் சட்டமோ, சட்டவாரியமோ இல்லை. தென்கொரியா 1994-இலேயே அமைச்சுக்குள் பண்பாட்டுத் தொழில் பிரிவை நிறுவி, 1999-இல் தனிச் சட்டம் இயற்றி, 2009-இல் பல முகமைகளை ஒன்றாக்கியதோடு ஒப்பிட்டால், மலேசிய இசை அமைச்சுக்கு அமைச்சு கைமாறும் பொருளாகவே இருந்துவருகிறது.

மானியத்துக்கு விண்ணப்பிக்கும் வாசல் குறுகலானது. நிறுவனப் பதிவு, வங்கிக் கணக்கறிக்கை, மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதிய திட்டக் குறிப்பு, முந்தைய பணிகளின் சான்று என்று தாள்கள் சேர்கின்றன. வணிகப் பதிவுக்கு ஆண்டுக்கு 30 அல்லது 60 வெள்ளிதான். தடை அந்தத் தொகையில் இல்லை. தமிழ் வரியின் நயத்தை மதிப்பிடும் ஒருவர் தேர்வுக் குழுவில் இல்லாவிட்டால், விண்ணப்பம் சமூக நலத் திட்டம் போலவோ இன நல்லிணக்க நிகழ்ச்சி போலவோதான் படிக்கப்படும். இந்திய சமூகத்துக்கென்று உள்ள மித்ராவின் பணி பொருளாதார, கல்வி மேம்பாடு. அதை இசைத்துறையின் நிதியாக நினைப்பது அதன் நோக்கத்தையும் இசையின் தேவையையும் குழப்புவதாகும்.

மலேசிய ராப் கலைஞர்களான யோகி பியும் நட்சத்திராவும் 2006-இல் வெளியிட்ட வல்லவன் தொகுப்பு தமிழ் ராப்புக்குத் தமிழகத்திலும் கதவு திறந்தது. அதன்பின் பொல்லாதவன் தொடங்கி விவேகம் வரை யோகி பியின் குரல் திரையிலும் ஒலித்தது. 2016-இல் வந்த கபாலியின் பாடலிலும் மலேசியர் ரோஷன் ஜாம்ராக்கின் ராப் இருந்தது. ஏற்றுமதி செய்யத்தக்க இசை இங்கே உருவாகிறது என்பதற்கு வேறு நிரூபணம் தேவையில்லை. ஏற்றுமதிக்கான பயணச் செலவு, வெளிநாட்டு விழாக்களில் இடம், ஒப்பந்தம் பார்க்கும் வழக்கறிஞரின் உதவி ஆகியவற்றை ஒழுங்காகத் தரும் அமைப்புதான் இல்லை. சுவீடன், பிரான்ஸ், கொரியா ஆகிய நாடுகள் செலவிடுவது இந்த இடத்தில்.

மேடைத் தொழிலில் அரசாங்கத்தின் கை கேளிக்கைத் தீர்வையில் தெரிகிறது. 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நுழைவுச்சீட்டில் 25 விழுக்காடு வரை போகும் இந்தத் தீர்வையை, 2024-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் உள்ளூர்க் கலைஞர்களின் மேடை நிகழ்ச்சிக்கு முழுமையாக விலக்கியது. வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு 10 விழுக்காடாகக் குறைத்தது. ஆனால் அது கோலாலம்பூர் உள்ளிட்ட கூட்டரசுப் பிரதேசங்களுக்கு மட்டும். பேராக்கில் முடிவு மாநில அரசாங்கத்தின் கையில். ஈப்போவில் சீட்டு விற்று ஒரு தமிழ் நிகழ்ச்சி நடத்துபவருக்கு இந்த விலக்கு ஒரு மானியத்தைவிட மேலானது. விண்ணப்பம் இல்லை, தேர்வுக் குழு இல்லை, சீட்டு விற்றால் பயன் உண்டு. சென்னைக் கலைஞர்களின் பெரிய நிகழ்ச்சிகள், வெளிநாட்டுக் கலைஞர்களின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் புஸ்பால் குழுவின் அனுமதியோடு வருபவை. அவற்றின் மேடையில் உள்ளூர்க் கலைஞர்களுக்குத் தொடக்க நிகழ்ச்சியும் உரிய சன்மானமும் கிடைப்பதை அனுமதியோடு இணைப்பது செலவில்லாத ஆதரவு.

வருமானம் சீராக வராத தொழில் என்பதால் சமூகப் பாதுகாப்பும் இசைத்துறை ஆதரவில் அடங்கும். சுயதொழில் செய்வோருக்கான 2017-ஆம் ஆண்டுச் சொக்சோ சட்டம் முதலில் டாக்சி ஓட்டுநர்களுக்காக வந்தது. 2020 ஜனவரி முதல் கலைஞர்களும் அதில் சேரலாம். காப்புறுதி செய்த வருமானத்தில் 1.25 விழுக்காடு சந்தா. மேடைக்குப் போகும் வழியில் விபத்தில் சிக்கும் கீபோர்டு வாசிப்பவருக்கு இது நேரடிப் பயன் தரும் ஏற்பாடு. திருவிழாக் குழுக்களில் இதை அறிந்தவர்கள் குறைவு.

பேராக்கின் தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் இசைத் துறையும் தமிழ் மொழித் துறையும் இருக்கின்றன. தமிழ்ப்பள்ளிகளுக்குப் போகும் ஆசிரியர்கள் அங்கே உருவாகிறார்கள். தோட்டக் காலத்துப் பாடல்களையும் வானொலியின் பழைய உள்ளூர்ப் பதிவுகளையும் தேடித் திரட்டுவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் பேராக்கில் இல்லை. 1986-ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் அச்சு நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. ஒலிநாடாவாகவும் குறுந்தட்டாகவும் கோயில் வாசலிலும் பலசரக்குக் கடையிலும் விற்ற மலேசியத் தமிழ்த் தொகுப்புகளில் அவ்வாறு ஒப்படைக்கப்படாதவை இன்னும் வீடுகளில் கிடக்கின்றன. நாடா பூஞ்சை பிடிக்கும் பொருள். அவற்றைச் சேர்த்து எண்மப் பதிவாக்கி, இயற்றியவர் பெயரையும் பாடியவர் பெயரையும் ஆண்டையும் குறித்து வைத்தால், ஆய்வுக்குப் பயன்படுவதோடு, உயிரோடிருக்கும் கலைஞர்கள் தங்கள் பழைய பாடல்களை உரிமை அமைப்பில் பதிந்து தொகை கோரவும் அந்தப் பட்டியல் ஆவணமாகும்.